இருபதாம் மாடியில் ஒரு நாற்காலி

ஜூன் 3, செவ்வாய்

அன்புள்ள சகலைக்கு,

இங்கு அனைவரும் நலம். உன் நலத்தை நான் தனியாக விசாரிக்க வேண்டியதில்லை. அது தினமும் காலை டீயோடு இந்த வீட்டில் வாசிக்கப்படுகிறது. போன வாரம் பேப்பரில் உன் கட்டிடத்தின் படம் வந்ததல்லவா, அதை மாமா கத்தரித்து நான் சாப்பிடும் மேஜைக்கு நேர் எதிரே சுவரில் ஒட்டிவிட்டார். அந்தக் கிரேனைப் பார்த்துக்கொண்டேதான் மூன்று வேளையும் சாப்பிடுகிறேன்.

கடிதம் எதற்கு என்று யோசிக்காதே. போனில் பேசினால் இங்கே பெரியவள், அங்கே சின்னவள், இருவரும் பக்கத்தில் வந்து நின்றுகொண்டு ஸ்பீக்கரைப் போடச் சொல்கிறார்கள். அக்காவையும் தங்கையையும் கட்டிய இரண்டு பேர் தனியாக நாலு வார்த்தை பேசிக்கொள்ளத் தபாலை விட்டால் வேறு வழியில்லை. நீயும் என் ஆபீஸ் முகவரிக்கே எழுது.

மாமாவும் அத்தையும் நாளை ராத்திரி ரயிலில் உன் ஊருக்குக் கிளம்புகிறார்கள். பத்து நாள் தங்குவதாகத் திட்டம். மாமாவுக்கு இடது முழங்கால் சரியில்லை, படி ஏற்றாதே. ரத்த அழுத்த மாத்திரையைச் சாப்பிட்டுவிட்டேன் என்று பொய் சொல்வார், அட்டையை எண்ணிப் பார். காலையில் அவருக்குப் பேப்பர் வாசித்துக் காட்ட வேண்டும். கண்ணாடி போட்டால் அவருக்கே நன்றாகத் தெரியும், ஆனாலும் பதினாறு வருடமாக நான் வாசிப்பதைத்தான் கேட்கிறார். எனக்கு அப்பா முகம் ஞாபகமில்லை என்பது உனக்குத் தெரியும். அதனால் இந்தப் பேப்பர் விஷயத்தைச் சாதாரணமாக எடுத்துக்கொள்ளாதே.

இன்று ஒரு பால்கனியை அளக்கப் போனேன். தெருப்பக்கம் ஒன்பது அங்குலம் நீட்டியிருந்தது. "ஒன்பது இன்ச்தானே சார், வெறும் காத்துதானே அது?" என்றார் வீட்டுக்காரர். "காத்துக்கும் சட்டம் இருக்குய்யா" என்று சொல்லி நோட்டீஸ் கொடுத்துவிட்டு வந்தேன். நாலு மாடிக்கு மேல் அனுமதி இல்லாத ஊரில் வரைபடப் பிரிவு ஆய்வாளரின் வாழ்க்கை இதுதான். நீ இருபது மாடிக்கு மேல் நின்று மேகத்தைத் தள்ளிவிட்டுக்கொண்டிரு.

எனக்கும் ஒரு காலத்தில் கட்டுமானக் கம்பெனியிலிருந்து வேலை வந்தது. அதே வாரம் இந்த வேலையும் வந்தது. "அரசாங்க உத்தியோகம்னா என் பொண்ணைக் குடுக்கறேன்" என்றார் மாமா. சேர்ந்தேன். எட்டு வருடம் கழித்து, இரண்டாவது பெண்ணை, தலையில் ஹெல்மெட்டோடு வந்து நின்ற உனக்கு மறுபேச்சில்லாமல் கொடுத்தார். இதை நான் இதுவரை யாரிடமும் சொன்னதில்லை, இப்போதும் சும்மாதான் சொல்கிறேன்.

குழந்தைகளுக்கு என் அன்பு.

உன் பெரிய சகலை


ஜூன் 10, செவ்வாய்

அன்புள்ள அண்ணாவுக்கு,

உங்கள் சின்ன சகலையின் வணக்கம். மாமாவும் அத்தையும் வியாழன் காலை பத்திரமாக வந்து சேர்ந்தார்கள். மாத்திரை அட்டையைத் தினமும் எண்ணுகிறேன். பேப்பர் வாசித்துப் பார்த்தேன். "நீங்க ரொம்ப வேகமா படிக்கறீங்க மாப்பிள்ளை" என்று பிடுங்கிக்கொண்டார். வேகம் நம் ரத்தத்தில் ஊறிவிட்டது, என்ன செய்வது! சைட்டில் என் பெயரே இப்போது 'நாலு நாள்' தான். நாலு நாளைக்கு ஒரு தளம். இந்த ஊரில் வேறு எவனும் ஆறு நாளுக்குக் குறைந்து போட்டதில்லை.

நீங்கள் ஒருமுறை வந்து பார்க்க வேண்டும் அண்ணா. நடுவில் லிஃப்டும் படிக்கட்டும் இருக்கும் சுவர்க்கூடு எப்போதும் நாலு தளம் முன்னால் ஓடிக்கொண்டிருக்கும். அதை வார்க்கும் அச்சு தன்னைத் தானே தூக்கிக்கொண்டு மேலே ஏறும். தளத்துக்கு அலுமினியப் பலகை. கழற்றினால் கிரேனே வேண்டாம், தளத்தில் விட்டிருக்கும் ஓட்டை வழியாக ஆள் கைமாற்றி ஆள் மேல்மாடிக்குக் கொடுத்துவிடுவார்கள். கான்கிரீட்டைத் தரையிலிருந்து பம்ப் ஒரே தம்மில் மேலே தள்ளிவிடுகிறது. போன புதன்கிழமை மத்தியானம் இருபத்தொன்றாம் தளம் போட்டு முடித்தோம். ஞாயிறு லீவு. நேற்று, திங்களன்று, இருபத்திரண்டாவதும் போட்டாயிற்று.

அந்த ஞாயிற்றுக்கிழமையைப் பற்றிச் சொல்லாவிட்டால் எனக்குத் தலை வெடித்துவிடும். மாமாவைச் சைட்டுக்குக் கூட்டிப் போனேன். சாமான் ஏற்றும் லிஃப்டில் இருபதாம் மாடி. கம்பெனி எனக்கு ஒதுக்கியிருக்கும் வீடு அந்த மாடியில்தான் வருகிறது. ஏழு மீட்டர் அகல ஹால். நட்டநடுவில் ஆபீஸ் நாற்காலியைப் போட்டு மாமாவை உட்கார வைத்தேன். இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை ஒரு கம்பம் குறுக்கே இல்லை. குழந்தைகள் பந்து விளையாடினார்கள். மூன்று பக்கமும் ஊர், கீழே ஆறு, அப்படி ஒரு காற்று. மாமா ஒரு மணி நேரம் எழுந்திருக்கவே இல்லை. "இவ்வளவு பெரிய ஹாலா! பெரிய மாப்பிள்ளை இதெல்லாம் பேப்பர்லதான் பாத்திருப்பார், பாவம்" என்றார். உங்களை நினைக்காமல் அவருக்கு ஒரு நாளும் போவதில்லை, பாருங்கள்.

கட்டி முடித்ததும் இங்கேயே வந்து எங்களோடு இருந்துவிடலாமா என்று அத்தையிடம் கேட்டுக்கொண்டிருக்கிறார். கிழக்குப் பக்க அறையை அவருக்கென்று ஒதுக்கிவிட்டேன். நீங்களும் பாவம், பதினாறு வருடம் பார்த்துக்கொண்டீர்கள், கொஞ்சம் ஓய்வு எடுங்கள்.

அக்காவுக்கு என் வணக்கம்.

மேகத்தைத் தள்ளிக்கொண்டிருக்கும்
உங்கள் தம்பி


ஜூன் 14, சனி

அன்புள்ள சகலைக்கு,

உன் கடிதத்தை ஏழு முறை படித்தேன். முதல் ஆறு முறையும் பொறாமையில்தான். 'பாவம்' என்ற இடத்தில் ஒரு முறை மூடி வைத்தேன். 'கிழக்குப் பக்க அறை' என்ற இடத்தில் எழுந்து போய் முகம் கழுவிக்கொண்டு வந்தேன். ராத்திரி பெரியவள், "என்ன, வயித்துல ஏதாவது பண்ணுதா?" என்றாள். ஆமாம், எரிகிறது என்றேன். மோர் கொண்டு வந்து கொடுத்தாள்.

ஏழாவது முறை ஆபீசில் வைத்துப் படித்தேன், கையில் பேனாவோடு. எனக்குப் படிக்கத் தெரிந்தது அப்படித்தான். அப்போதுதான் தேதிகள் கண்ணில் பட்டன.

இருபத்தொன்றாம் தளம்தான் இருபதாம் மாடிக்குக் கூரை. அதைப் புதன் மத்தியானம் போட்டதாக எழுதியிருக்கிறாய். ஞாயிறு காலையில் அதற்கு வயது நாலு நாள்கூட நிறையவில்லை. அலுமினியப் பலகையைக் கழற்றிக்கொள்ளலாம், சரி. ஆனால் ஏழு மீட்டர் அகலக் கூரைக்கு அடியில் முட்டுகள் பதினான்கு நாள் அசையாமல் நிற்க வேண்டும். இது என் ஊர் விதிப் புத்தகத்திலும் இருக்கிறது, உன் ஊர் புத்தகத்திலும் இருக்கிறது. அந்த ஹாலில் ஆளால் நுழைய முடியாதபடி இரும்பு முட்டு நின்றிருக்க வேண்டிய ஞாயிற்றுக்கிழமை அது. நீயோ 'ஒரு கம்பம் குறுக்கே இல்லை' என்கிறாய்.

மறுநாள் திங்கட்கிழமை, அதே கூரையின் மேல் அடுத்த தளத்துக்கான ஈரக் கான்கிரீட் முழுவதையும் ஏற்றியிருக்கிறாய்.

முட்டுகள் எங்கே போயின? எப்போது எடுத்தாய், திரும்ப வைத்தாயா, யாரைக் கேட்டு? குழந்தைகள் தலையில் ஹெல்மெட் இருந்ததா என்று கேட்க நினைத்தேன், அது வேண்டாம், அதைக் கேட்டால் நீ அதற்கு மட்டும் பதில் எழுதிவிட்டு இதை விட்டுவிடுவாய். நான் வயிற்றெரிச்சலில் எழுதுவதாக நினைப்பாய். அப்படியே வைத்துக்கொள். பதில் மட்டும் உடனே எழுது.

உன் பெரிய சகலை


ஜூன் 18, புதன்

மதிப்புக்குரிய டேப் சாருக்கு,

ஆபீசில் உங்களை எல்லோரும் அப்படித்தான் கூப்பிடுகிறார்கள் என்று அக்கா சொல்லியிருக்கிறார். இதுவரை நான் கூப்பிட்டதில்லை. சொந்தக்காரன் ஆசையாக எழுதிய கடிதத்தைக்கூட டேப் வைத்து அளக்கும் மனிதரை வேறு எப்படிக் கூப்பிடுவது?

கேட்டதற்குப் பதில். சனிக்கிழமை சாயங்காலம் ஹாலில் இருந்த முட்டுகளை மட்டும் எடுக்கச் சொன்னேன். மற்ற அறைகளில் கை வைக்கவில்லை. ஞாயிறு இருட்டுவதற்குள் ஒன்று விடாமல் திரும்ப வைத்து, என் கண் முன்னால் திருகு இறுக்கியாயிற்று. சோதனைக்காகத் தனியே வார்த்து வைத்த கான்கிரீட் கட்டிகளை ஏழாம் நாள் உடைத்துப் பார்த்ததில் பலம் வேண்டியதற்கு மேலேயே வந்திருக்கிறது. அதற்குப் பிறகு நேற்று வரை மூன்று தளம் மேலே போட்டாயிற்று. கட்டிடம் நிற்கிறது. எத்தனை பேருடைய கண் பட்டாலும் நிற்கும். கல்லடி பட்டாலும் கண்ணடி படக்கூடாது என்பார்கள், என் கட்டிடம் அதையும் தாங்கும்.

ஏன் எடுத்தேன் என்று நீங்கள் கேட்கவில்லை. கேட்டிருக்க வேண்டும். என் கல்யாணத்தில் மாமா என்னை அவருடைய நண்பரிடம் அறிமுகப்படுத்தினார். "இவர் சின்னவர், ஏதோ கம்பெனி வேலை. அதோ நிக்கிறாரே, அவர்தான் எங்க பெரிய மாப்பிள்ளை. அவர் கையெழுத்து இல்லாம இந்த ஊர்ல ஒரு செங்கல் நகராது." மாலையும் கழுத்துமாக நின்று அதைக் கேட்டேன். எட்டு வருடமாக அந்த ஒரு வாக்கியத்துக்குப் பதிலாகத்தான் மாடி மேல் மாடி போட்டுக்கொண்டிருக்கிறேன். அவர் வந்து பார்க்கும்போது ஹால் முழுக்கக் கம்பிக் காடாக இருக்க வேண்டுமா? ஒரு காலை நேரம் அவர் அதை முழுசாகப் பார்க்கட்டும் என்று நினைத்தேன். தப்பா?

உங்களுக்கு அரசாங்க முத்திரை இருக்கிறது, மாமா பக்கத்து அறையில் இருக்கிறார், பேப்பரை நீங்கள் வாசித்தால்தான் அவருக்குக் காது கேட்கிறது. எனக்கு இருப்பது இந்தக் கட்டிடம் ஒன்றுதான். அதிலும் ஓட்டை கண்டுபிடித்தால்தான் உங்களுக்குத் தூக்கம் வருமா? பதினாறு வருடத்தில் நீங்கள் நிறுத்தியது எத்தனை என்று எனக்குத் தெரியும். நீங்கள் எழுப்பிய சுவர் ஒன்றைக் காட்டுங்கள்.

இதற்கு மேல் இந்த விஷயமாக எழுத வேண்டாம்.

நாலு நாள்


ஜூன் 21, சனி

சகலைக்கு,

காட்டுவதற்குச் சுவர் இல்லை. வீட்டுக் கொல்லையில் துணி துவைக்க ஒரு மேடை கட்டினேன், அதுவும் ஒரு பக்கம் சாய்வு.

நீ சொன்னது அத்தனையும் உண்மை. பொறாமைதான். மாமா ஞாயிறன்று வந்து இறங்கியதிலிருந்து பேப்பரே படிக்கவில்லை. நான் விரித்துக்கொண்டு உட்கார்ந்தால், "இருங்க மாப்பிள்ளை, மொதல்ல அந்தக் காத்தைப் பத்திச் சொல்லிடறேன்" என்கிறார். பால்காரரிடம் சொல்கிறார். தபால்காரரிடம் சொல்கிறார். என்னைத் தேடி ஆபீசுக்கு வந்து என் மேலதிகாரியிடம் சொல்லிவிட்டுப் போனார். ஏழு மீட்டர், ஏழு மீட்டர் என்று என் மகள்கூடக் கணக்குப் பாடத்தில் எழுதுகிறாள். கிழக்குப் பக்க அறையில் கட்டிலை எந்தச் சுவரோரம் போடுவது என்று நேற்று என்னிடம் யோசனை கேட்டார். நானும் சொன்னேன், ஜன்னலுக்கு எதிர்ச்சுவர் என்று. சொல்லிவிட்டுக் கொல்லையில் போய் அந்தச் சாய்ந்த மேடையில் வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன்.

உனக்கும் என் மேல் பொறாமை என்று படித்தபோது, மறைக்காமல் சொல்கிறேன், கொஞ்சம் சந்தோஷமாக இருந்தது.

ஆனால் சகலை, நிற்கிறது என்பது ஒரு பதில் இல்லை. விழும் வரைக்கும் எல்லாமே நிற்கத்தான் செய்யும். நீ உடைத்துப் பார்த்தது தொட்டியில் ஊறிய கட்டியை. அது ஒரு நாளும் ஏழு மீட்டர் அகலத்துக்குப் படுத்துப் பாரம் சுமந்ததில்லை. பிஞ்சுக் கூரையிலிருந்து முட்டுகளை எடுத்தால் அது தன் பாரத்திலேயே இறங்கும். திரும்ப முட்டு வைத்தால் இறங்கிய இடத்தில்தான் தாங்கும், பழைய இடத்துக்குத் தூக்காது. அதன் மேல் மறுநாளே அடுத்த தளத்தை ஏற்றினாய். நீ படித்ததைத்தான் நானும் படித்தேன், உனக்கு இது தெரியாதது இல்லை. மாமா முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்ததில் மறந்துவிட்டாய்.

ஒன்று செய். அந்த ஹால் கூரையில் இரண்டு ஓரத்திலும் ஐம்பது மில்லிமீட்டர் கட்டையை ஒட்டி வைத்து, கட்டைக்குக் கட்டை இறுக்கமாக நூல் கட்டு. நட்டநடுவில் நூலுக்கும் கூரைக்கும் உள்ள இடைவெளியை அள. ஐம்பதோ, இரண்டு மூன்று குறைவாகவோ இருந்தால், மாமா அத்தை முன்னால், ஸ்பீக்கரைப் போட்டே உன்னிடம் மன்னிப்புக் கேட்கிறேன். பொறாமையில் புத்தி கெட்டுப் பழி போட்டேன் என்று என் வாயால் சொல்கிறேன்.

ஜூன் முப்பதாம் தேதிக்குள் உன்னிடமிருந்து அந்த அளவு வராவிட்டால் உன் ஊர் கட்டிட அனுமதி அலுவலகத்துக்கு எழுதுவேன். மொட்டைக் கடிதம் இல்லை. என் பெயர், பதவி, நீ எனக்கு என்ன உறவு, எல்லாம் எழுதுவேன். எழுதுகிறவன் பொறாமைக்காரன் என்பதையும் சேர்த்து எழுதுவேன், அவர்கள் அதைக் கழித்துவிட்டு மீதியைப் பார்க்கட்டும். அதற்குப் பிறகு பெரியவளும் சின்னவளும் என்னோடு பேசமாட்டார்கள். மாமா உன் ஊருக்கே வந்துவிடுவார். தெரிந்துதான் எழுதுகிறேன்.

உன் சகலை


ஜூன் 27, வெள்ளி

அன்புள்ள அண்ணாவுக்கு,

இருபத்திரண்டு.

ஐம்பது இருக்க வேண்டிய இடத்தில் இருபத்திரண்டு மில்லிமீட்டர். கூரை நடுவில் இருபத்தெட்டு இறங்கியிருக்கிறது.

உங்கள் கடிதம் செவ்வாய் மத்தியானம் கிடைத்தது. மறுநாள் காலை ஆறு மணிக்கு இருபத்தாறாம் தளம் போடுவதாக இருந்தோம். படித்துவிட்டுக் கசக்கிப் பையில் போட்டேன். உங்கள் வாயை அடைக்க வேண்டும் என்பதற்காகத்தான் நூல் எடுத்தேன், உங்களை நம்பி எடுக்கவில்லை. ஐந்து மணிக்குச் சென்ட்ரிங் மேஸ்திரியைக் கூட்டிக்கொண்டு இருபதாம் மாடிக்குப் போனேன். பதினான்கு நாள் முடிந்து முட்டெல்லாம் முறைப்படி எடுத்திருந்தார்கள். ஹால் காலியாக இருந்தது.

கட்டை வைத்தோம், நூல் கட்டினோம். வெறும் கண்ணுக்கே தெரிந்தது அண்ணா. ஓரத்தில் அகலமாக இருந்த இடைவெளி நடுவில் வரவர ஒடுங்கிப் போனது. நான் மூன்று முறை அளந்தேன். மேஸ்திரி நூலை அவிழ்த்துச் சுருட்டினார். பிறகு, "நான் அன்னிக்கே சொன்னேன்னு சொல்ல வரல சார்" என்றார். கட்டையைக் கழற்றிக்கொண்டே, "ஆனா சொன்னேன் சார். பச்சைத் தளம், வேணாம்னு சொன்னேன். மாமனார் வரார்யான்னு சொன்னீங்க" என்றார். சொன்னேன்தான். அவர் சொன்னதை உங்களுக்கு எழுதிய கடிதத்தில் நான் விட்டுவிட்டேன்.

ஏணி போட்டு ஏறிப் பார்த்தேன். கூரையின் அடியில், நடுவில், குறுக்காக நாலைந்து விரிசல். மற்றவை மயிரளவுதான். ஒன்றில் என் விசிட்டிங் கார்டின் விளிம்பு உள்ளே போனது.

நூலைக் கொஞ்சம் தளர்த்திக் கட்டியிருந்தால் நாற்பத்தைந்து என்று உங்களுக்கு எழுதியிருக்கலாம். அந்த நினைப்பும் வந்தது. உங்களிடம் மறைத்து என்ன ஆகப்போகிறது, ஏழு முறை படிப்பீர்கள். அந்த மாடியில் என் குழந்தைகள் பந்து விளையாடியது ஞாபகம் வந்தது. அதற்கு மேல் ஏணியில் நிற்க முடியவில்லை.

அன்றைக்கே பம்பை நிறுத்தச் சொன்னேன். வடிவமைப்பாளரைக் கூப்பிட்டு நடந்ததை ஒன்று விடாமல் சொன்னேன். ராத்திரியோடு பதினெட்டிலிருந்து இருபத்தொன்று வரை நாலு மாடிக்கும் திரும்ப முட்டு வைத்தார்கள். அனுமதி அலுவலகத்துக்கு நீங்கள் எழுதவிருந்த கடிதத்தை நானே எழுதிக் கொடுத்துவிட்டேன். உங்கள் அளவுக்கு நன்றாக வரவில்லை. அவர்களும் வந்து பார்த்தார்கள். நல்ல வேளை, மேலே இருக்கும் தளங்களில் கோளாறு இல்லை. இந்த ஒரு கூரைக்கு அடியில் இரும்பு உத்தரம் கொடுத்து, ஹாலின் நட்டநடுவில் ஒரு தூண் எழுப்ப வேண்டும் என்கிறார்கள். அதன் பாரம் தரை வரைக்கும் இறங்க வேண்டுமாம், அதனால் கீழே இருக்கும் பத்தொன்பது வீட்டு ஹாலிலும் அதே இடத்தில் ஒரு தூண் வரும். மாமா நாற்காலி போட்டு உட்கார்ந்த அதே இடம்.

என்னைப் பொறுப்பிலிருந்து எடுத்துவிட்டார்கள். வேலையை விட்டு அனுப்பவில்லை. கீழே பதிவேட்டு அறையில் உட்கார வைத்திருக்கிறார்கள். எந்தத் தளம் எந்தத் தேதி போட்டது, முட்டு எந்தத் தேதி எடுத்தது என்று எழுதும் வேலை. ஜன்னல்கூட இல்லை. 'நாலு நாள்' என்று இப்போது யாரும் கூப்பிடுவதில்லை.

தினம் ஒரு அறிக்கை மேலே போகிறது அண்ணா. எட்டுப் பேர் கையெழுத்துப் போடுகிறார்கள். எனக்கு நல்லது நினைப்பவர்கள் எத்தனையோ பேர், அந்த ஞாயிற்றுக்கிழமையை எல்லோரிடமும் சொன்னேன், எல்லோரும் சிரித்துக்கொண்டே கேட்டார்கள். தேதியைப் பார்த்தவர் நீங்கள் ஒருவர்தான்.

சின்னவளிடம் பாதிதான் சொல்லியிருக்கிறேன், தப்பைக் கண்டுபிடித்து வேலையை நிறுத்திவிட்டேன் என்று. மாமாவிடம் முழுவதையும் சொல்லிவிடப் போகிறேன். அவருக்குக் காட்டத்தான் முட்டுகளை எடுத்தேன், கண்டுபிடித்தது பெரிய மாப்பிள்ளை என்று சொல்லப் போகிறேன். அது உங்களுக்குச் சேர வேண்டியது. ஜூலை ஆறு, ஞாயிற்றுக்கிழமை, போன் செய்வேன்.

இப்போதாவது உங்கள் பொறாமை குறைந்ததா?

உங்கள் தம்பி


ஜூலை 1, செவ்வாய்

அன்புள்ள தம்பிக்கு,

உன் கடிதம் நேற்று வந்தது. ஒரே ஒரு முறைதான் படித்தேன். ஏணியில் நிற்க முடியவில்லை என்று எழுதியிருந்த இடத்துக்கு மேல் எனக்கும் கொஞ்ச நேரம் ஓடவில்லை.

உன் கடிதத்துக்கு முன்னாலேயே சின்னவளின் போன் வந்துவிட்டது. நீ தானாகவே தப்பைக் கண்டுபிடித்து, யார் சொல்லியும் கேட்காமல் வேலையை நிறுத்தி, மேலிடத்தில் போய்ச் சொல்லிவிட்டாய் என்று. பாதிக் கதைக்கே மாமா எழுந்து நின்றுவிட்டார். நேற்று முழுக்க அதே பேச்சு. ராத்திரி சாப்பிடும்போது என்னைப் பார்த்துச் சொன்னார்: "நீங்களும் ஆயிரம் தப்பு கண்டுபிடிச்சிருப்பீங்க மாப்பிள்ளை. எல்லாம் அடுத்தவன் பண்ண தப்பு. இவர் தன் தப்பைத் தானே கண்டுபிடிச்சார் பாருங்க. அதுக்கு ஒரு மனசு வேணும்."

உன் கடிதம் என் சட்டைப் பையில் இருந்தது. வாய் வரை வந்துவிட்டது தம்பி. எதிரே சுவரில் உன் கிரேன், பக்கத்தில் மாமாவின் பூரித்த முகம். சாதத்தோடு சேர்த்து விழுங்கினேன். பெரியவள் இந்த முறையும் மோர் கொண்டு வந்தாள்.

ஆறாம் தேதி போன் செய்யாதே. செய்தாலும் முட்டுகளை எடுத்த காரணத்தைச் சொல்லாதே. உன் மேலிடத்துக்குத் தெரிய வேண்டியது தெரிந்துவிட்டது, மாமாவுக்கு வேண்டாம். எழுபத்துமூன்று வயதில் ஒரு மனிதர் ஒரு மணி நேரம் காற்றில் உட்கார்ந்திருக்கிறார். தன்னை உட்கார வைக்கத்தான் அந்தக் கூரை தொங்கிப்போயிற்று என்று தெரிந்தால், அப்புறம் எந்தக் கூரையின் கீழும் அவர் நிம்மதியாக உட்கார மாட்டார். எனக்குச் சேர வேண்டியது என்று எழுதியிருக்கிறாய். எனக்கும் ஆசையாகத்தான் இருக்கிறது. அதனால்தான் ஆசை மீறுவதற்குள் இன்றைக்கே எழுதித் தபாலில் போடுகிறேன்.

ஹாலின் நடுவில் ஒரு தூண் வரப்போகிறது என்று மட்டும் அவரிடம் சொன்னேன். "நல்லதாப் போச்சு, சாஞ்சு உக்காந்துக்கலாம்" என்றார்.

பொறாமை குறைந்ததா என்று கேட்டிருந்தாய். இல்லை. உயரமான கட்டிடத்தைப் பார்த்துப் படும் பொறாமையாவது ஒரு நாள் ஆறும். நீ மூன்று முறை அளந்துவிட்டு நூலைத் தளர்த்தாமல் இறங்கி வந்தாயே, அந்த இடத்தில் நான் இருந்திருந்தால் என்ன செய்திருப்பேன் என்று ராத்திரி யோசித்துப் பார்த்தேன். இது ஆறும் என்று எனக்குத் தோன்றவில்லை.

ஜன்னல் இல்லாத அறைக்கு நல்வரவு. எனக்கும் ஜன்னல் கிடையாது. பதிவேட்டில் தேதியை முதலில் எழுது, அளவை அப்புறம் எழுது, அடித்து எழுதினால் பக்கத்தில் கையெழுத்துப் போடு. தூண் எழுப்பிய நாள், அதன் அச்சு பிரித்த நாள், உத்தரத்தின் அடியில் முட்டு எடுத்த நாள், மூன்றையும் எனக்கும் எழுது. கிழக்குப் பக்க அறையில் கட்டில் போடுவதற்கு முன்னால் நான் அவற்றைப் படிக்க வேண்டும்.

மாமா கூப்பிடுகிறார், இன்றைய பேப்பர் அப்படியே கிடக்கிறது.

உன் அண்ணன்